சாபமும் அல்ல, வரமும் அல்ல

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேசப் போகும் விஷயம் நமது கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுவதல்ல. ஆட்டிசம் உள்ள மனிதர்களைப் பற்றியும், கம்ப்யூட்டர்களில் உள்ள தகவல்களைத் திருடர்களிடமிருந்து காக்கும் தொழிலைப் பற்றியும், இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லப் போகிறேன். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

இதைப் பேச வேண்டுமென்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு தாயார். சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் கூட்டம் முடிந்து நான் புறப்படும் சமயத்தில் அந்த அம்மாள் தன் மகனுடன் வந்தார். பையனுக்கு 22 வயது. கம்ப்யூட்டர் படிப்புப் படித்துத் தேறியிருக்கிறான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று கம்பெனிகளுக்கு இன்டர்வியூவுக்குப் போய், மூன்றிலும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். ஓர் இடத்தில், "பையன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை" என்று காரணமும் சொன்னார்களாம். இது முன் ஜன்ம வினை, பரிகாரம் செய்தால் தீரும் என்று ஒரு ஜோசியர் பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்து வீட்டுப் படித்த மனிதரோ, "கவலைப்படாதீர்கள், இவர்களெல்லாம் கடவுள் தந்த மேதைகள்" என்றாராம். அந்த அம்மாள் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, ஒருத்தர் சாபம் என்கிறார், ஒருத்தர் வரம் என்கிறார். இரண்டும் எனக்கு வேண்டாம். என் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்குமா, கிடைக்காதா?"

அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் தொற்று நோயல்ல, பேய் பிடித்ததல்ல, கிரகக் கோளாறுமல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேற்றுமை. பெரும்பாலும் பரம்பரைக் கூறுகளால் உண்டாவது. இத்தகையவர்களுக்குப் பிறருடைய முகக் குறிப்பையும் ஜாடைப் பேச்சையும் சட்டென்று பிடித்துக்கொள்வது கஷ்டம். சொன்ன சொல்லைச் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் உபசாரத்துக்கு, "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால், "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். தினசரி நடப்பு மாறினால் தவிப்பார்கள். மேளச் சத்தமும், கண்ணைக் கூசும் விளக்கும், கூட்ட நெரிசலும் அவர்களில் பலருக்கு நம்மைவிடப் பல மடங்கு துன்பம் தரும். ஒரு விஷயத்தில் மனது சென்றுவிட்டாலோ, பசி தூக்கம் பாராமல் அதிலேயே ஊன்றி நிற்பார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களல்ல. ஆயுள் முழுவதும் ஒரு வார்த்தையும் பேசாதவர்களும் உண்டு. ஒரே விஷயத்தை மணிக்கணக்காகப் பேசுபவர்களும் உண்டு. சோறு உண்ணவும் துணை வேண்டியவர்களும் உண்டு. பெரிய இன்ஜினியர்களும் உண்டு. பெண் குழந்தைகள் விஷயமோ இன்னும் மோசம். ஆண் பிள்ளை பேசாதிருந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம். பெண் பிள்ளை பேசாதிருந்தால் "அடக்கமான பெண்" என்று மெச்சிக்கொண்டு சும்மாயிருந்து விடுகிறோம்.

பழியைத் தாயின் மேல் போட்டார்கள்

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேர் உலகத்தில் பரவிற்று. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நம் நாட்டுப் புரோகிதன் பழியை முன் ஜன்மத்தின் மேல் போட்டான். மேல்நாட்டுப் பண்டிதர்களோ தாயின் மேல் போட்டார்கள். தாய் அன்பில்லாமல் பனிக்கட்டி போல் இருந்ததால் குழந்தை இப்படி ஆயிற்று என்றார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-ல் இதை ஒரு புஸ்தகமாகவே எழுதிப் பேர் வாங்கினார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனநூல் அறிஞர், தாமே அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனார், இது உடற்கூற்று விஷயம், தாயின் குற்றமல்ல என்று ஆதாரத்தோடு எழுதியிருந்தார். ஆனாலும் பழி லேசில் போகவில்லை. 1998-ல் வேறொருவர் கிளம்பி, தடுப்பூசியால் வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அது புரட்டு என்று வெளியாகி, 2010-ல் அச்சிட்ட பத்திரிகையே அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆகவே தோழர்களே, மூடநம்பிக்கை கோயிலில் மட்டும் குடியிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலும் காலேஜிலும்கூட அதற்கு இடமுண்டு. வித்தியாசம் என்னவென்றால், சோதித்துப் பார்க்கும் வழக்கம் உள்ள இடத்தில் அது ஒருநாள் பிடிபடும். சோதிக்கக் கூடாது என்ற இடத்தில் ஆயிரம் வருஷமானாலும் பிடிபடாது.

கானர் எழுதிய 11 குழந்தைகளில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்ளெட். 1933-ல் மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். டாக்டர்கள் பேச்சைக் கேட்டு அவரைச் சிறு வயதிலேயே ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். சுமார் ஒரு வருஷத்துக்குப் பிறகு தாய் தந்தையர் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அவர் வளர்ந்து, படித்து, அந்த ஊர் பாங்கிலே பல்லாண்டு வேலை பார்த்து, மோட்டார் ஓட்டி, தன்னந்தனியே தேசதேசமாகச் சுற்றி, 2023-ல் தமது 89-வது வயதில் காலமானார். இதைக் கேட்டு நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த பாங்கு அவருடைய தாயார் குடும்பத்தாருடையது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாங்கு வைத்திருக்கும் பாட்டன் எங்கே இருக்கிறான்? பணக்கார வீட்டில் பிறந்தால் வாழ்வு, ஏழை வீட்டில் பிறந்தால் விடுதியும் சங்கிலியும் என்றால், குறை மூளையில் இருக்கிறதா, சமுதாயத்தில் இருக்கிறதா?

சோதிக்காமல் நம்பாதே

இனி அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லுகிறேன். இன்று உங்கள் பாங்குக் கணக்கு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சார நிலையம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஆகவே திருடனும் அங்கே வந்துவிட்டான். அவனைத் தடுப்பதுதான் தகவல் பாதுகாப்புத் தொழில். இதில் பல வேலைகள் உண்டு. உடையவனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, திருடனைப் போலவே உள்ளே நுழைய முயன்று, ஓட்டை எங்கே என்று எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு பிரிவினர். யார் எப்பொழுது உள்ளே வந்தார்கள் என்ற லட்சக்கணக்கான வரிகளைப் படித்து, அவற்றில் ஒத்துவராத ஒரு வரியைக் கண்டுபிடிப்பவர்கள் இன்னொரு பிரிவினர். திருடன் விட்டுப்போன விஷப் புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் மற்றொரு பிரிவினர்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 2014 ஏப்ரலில் "ஹார்ட்பிளீட்" என்ற ஓட்டை வெளிப்பட்டது. கம்ப்யூட்டர்கள் தமக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்ள உபயோகப்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற புரோகிராமில் அது இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம், "நீ விழித்திருக்கிறாயா? இதோ நாலெழுத்துள்ள ஒரு சொல், இதைத் திருப்பிச் சொல்" என்று கேட்பது வழக்கம். திருடன் என்ன செய்யலாமென்றால், நாலெழுத்தைக் கொடுத்துவிட்டு, "60,000 எழுத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவையும் திருப்பிக் கொடு" என்று சொல்லலாம். அந்த முட்டாள் புரோகிராம் எண்ணிப் பார்க்காமல், அவன் சொன்னதை அப்படியே நம்பி, நாலெழுத்தோடு பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். அதில் பிறருடைய பாஸ்வேர்டும் இருக்கும், பூட்டின் சாவியும் இருக்கும். இந்தப் புரோகிராம் ரகசியமானதல்ல; யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி உலகத்தின் முன் திறந்தே கிடந்தது. என்றாலும் இரண்டு வருஷம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஏன்? "பெரியவர்கள் எழுதியது, சரியாகத்தான் இருக்கும்" என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இதைத்தானே நாம் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? முன்னோர் எழுதினார்கள், சாஸ்திரம் சொல்லிற்று என்று எண்ணிப் பார்க்காமல் வாரிக் கொடுத்தவன் பொக்கிஷம் காலியாகத்தான் போகும்.

இன்று இத்தொழிலில் "ஜீரோ டிரஸ்ட்" என்று ஒரு கொள்கை பேசப்படுகிறது. 2010-ல் ஜான் கிண்டர்வாக் என்பவர் இதைப் பரவச் செய்தார். உள்ளே இருப்பவன் என்பதற்காகவோ, பெரிய அதிகாரி என்பதற்காகவோ எவனையும் நம்பாதே. ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார் என்பது அதன் சாரம். பகுத்தறிவு என்று நாம் சொல்லுவதும் இதுவேயல்லாமல் வேறென்ன?

வீட்டில் குற்றம், தொழிலில் குணம்

இப்பொழுது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். "ஏன்? ஏன்?" என்று கேட்டால் வீட்டில் அதிகப்பிரசங்கி என்கிறோம். பெரிய மனிதர் சொன்னாலும் தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னால் மரியாதை தெரியாதவன் என்கிறோம். அலமாரியில் ஒரு புஸ்தகம் இடம் மாறியிருப்பதைக் கவனித்துச் சொன்னால் பைத்தியம் என்கிறோம். ஒரே வேலையில் ஊன்றி நின்றால் உலகம் தெரியாதவன் என்கிறோம். காவல் தொழிலுக்கு இவையல்லவா வேண்டியவை? ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இந்தக் குணங்கள் உண்டென்று நான் சொல்லவில்லை. இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஆட்டிசம் என்றும் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு இக்குணங்கள் இருக்கின்றன, நாம் அவற்றைக் குற்றமென்று தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்லுகிறேன்.

நேர்வழி திறக்காதபோது என்ன ஆகலாம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் கேரி மெக்கின்னன் என்பவர் 2001, 2002-ல் அமெரிக்க ராணுவத்தையும் நாசாவையும் சேர்ந்த 97 கம்ப்யூட்டர்களில் நுழைந்தார் என்று அமெரிக்க சர்க்கார் குற்றம் சாட்டிற்று. பறக்கும் தட்டுகளைப் பற்றிய ரகசியத்தைத் தேடினேன், பாஸ்வேர்டே போடாமல் விட்டிருந்த கம்ப்யூட்டர்களில்தான் நுழைந்தேன் என்றார் அவர். அவருக்கு ஆட்டிசத்தின் ஒரு வகை இருப்பது 2008-ல்தான், கைதாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு, தெரியவந்தது. பத்து வருஷம் வழக்கில் அலைந்தபின், அமெரிக்காவுக்கு அனுப்பினால் அவர் உயிருக்கே ஆபத்து என்று 2012-ல் இங்கிலாந்து மந்திரி அனுப்ப மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. பூட்டாத கதவானாலும் பிறர் வீடு பிறர் வீடுதான். ஆனால் அந்தக் கண்ணையும் பொறுமையையும் யாராவது முன்னமே கண்டு, "தம்பி, இதே வேலையை அனுமதியோடு செய், சம்பளம் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் ஒரு மனிதனுடைய பத்து வருஷம் வீணாகியிருக்குமா?

வாசலில் நிற்கும் புரோகிதன்

உலக முழுவதும் இத்தொழிலுக்கு ஆள் போதவில்லை என்று தொழில் சங்கங்களே ஓலமிடுகின்றன. 2023-ல் ஐஎஸ்சி2 என்ற சங்கம் போட்ட கணக்கின்படி பற்றாக்குறை சுமார் 40 லட்சம் பேர். இன்னொரு பக்கம், 2024-ல் இங்கிலாந்தில் சர் ராபர்ட் பக்லண்ட் கொடுத்த அறிக்கைப்படி, வேலை செய்யும் வயதில் உள்ள ஆட்டிசக்காரர்களில் 10-ல் சுமார் 3 பேருக்குத்தான் வேலை இருக்கிறது. ஒரு பக்கம் ஆளில்லை. மறு பக்கம் வேலையில்லை. நடுவில் நின்று மறிப்பது எது? இன்டர்வியூ என்னும் சடங்கு.

அந்தச் சடங்கில் என்ன பரீட்சை செய்கிறார்கள்? கை குலுக்கினானா, சிரித்தானா, கண்ணைப் பார்த்தானா, தன்னைத் தானே புகழ்ந்துகொண்டானா என்று பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கும் பாஸ்வேர்டைக் காப்பதற்கும் என்ன சம்பந்தம்? திருடன் முகத்தைக் காட்டிக்கொண்டா வருகிறான்? கோயில் வாசலில் நின்று, "உன் பிறவி சரியில்லை, உள்ளே வராதே" என்று சொன்ன புரோகிதனுக்கும், கம்பெனி வாசலில் நின்று, "உன் பார்வை சரியில்லை, உள்ளே வராதே" என்று சொல்லும் அதிகாரிக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் யோக்கியதையைச் சோதிக்கவில்லை, வழக்கத்தைச் சோதிக்கிறார்கள்.

"அவர்களுக்கு நம்மைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை" என்று ஒரு வாதம். நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ளத் தெரிகிறதா? டேமியன் மில்டன் என்ற ஆங்கில அறிஞர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இதைத்தான் கேட்டார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குற்றம் மட்டும் ஒரு பக்கம் எப்படி? 2020-ல் எடின்பரோவில் ஒரு சோதனை வெளியாயிற்று. ஒரு கதையை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்லவேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டபோது மற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் சொன்னார்கள். ஆகவே பேச்சு அவர்களுக்கு இல்லையென்பது பொய்.

சடங்கை விட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். டென்மார்க்கில் தோர்கில் சோன் என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும், அழுதுகொண்டு உட்காராமல், 2004-ல் "ஸ்பெஷலிஸ்டர்ன" என்ற கம்பெனியை ஆரம்பித்தார். புரோகிராம்களில் பிழை கண்டுபிடிப்பது வேலை. வேலைக்காரர்களில் பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, லெகோ கட்டைகளால் ஓர் இயந்திர பொம்மை செய்யச் சொல்லி, வேலை செய்யும் விதத்தைப் பார்த்தார்கள். அக்கம்பெனியின் சின்னம் டாண்டிலயன் என்ற பூச்செடி. புல்தரையில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறிவார்கள். தெரிந்தவன் தோட்டத்தில் அதுவே கீரை, அதுவே மருந்து. ஜெர்மனியின் எஸ்ஏபி கம்பெனி 2013-ல் இவர்களோடு சேர்ந்து உலக முழுவதும் ஆட்டிசம் உள்ளவர்களைச் சேர்க்கத் திட்டமிட்டபோது, முன்னோடியாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துப் பெங்களூர். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் "டாண்டிலயன்" என்ற பேரிலேயே ஒரு திட்டம் சர்க்கார் இலாகாக்களில் பிழை சோதிக்கும் வேலையில் ஆரம்பித்து, பிறகு கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கும் பரவிற்று.

இதற்கெல்லாம் பெரிய செலவா? இல்லை. கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பேச்சுக்குப் பதில் வேலையைக் கொடுத்துச் சோதியுங்கள். சத்தமில்லாத ஒரு மூலை கொடுங்கள். உத்தரவை ஜாடையாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். வேலை மாறினால் முன்னதாகச் சொல்லுங்கள். இராத்திரி முழுதும் மணியடித்துக்கொண்டிருக்கும் காவல் அறை ஒருவனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் புரோகிராம் சோதிக்கும் அறைக்கு மாற்றுங்கள். கண் குறைந்தவனுக்குக் கண்ணாடி போட அனுமதிக்கிறோமே, அது தயவா? அதைப் போலத்தான் இதுவும்.

மேதை என்னும் புது மூடநம்பிக்கை

நிற்க. இவ்வளவு சொன்னவுடன், "அப்படியானால் இவர்களெல்லாம் பிறவி மேதைகள்" என்று கிளம்பிவிடாதீர்கள். இதுவும் பொய், அதோடு ஆபத்தான பொய். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற டாக்டர் இருந்தார். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சமூகத்துக்கு உபயோகப்படுவார்கள் என்று 1944-ல் எழுதிப் புகழ் பெற்றார். ஆனால் நாஜி ஆட்சியில், உபயோகமற்றவர்கள் என்று கருதப்பட்ட குழந்தைகளை "ஷ்பீகல்குருண்ட்" என்ற நிலையத்துக்கு அனுப்ப அவரே எழுதிக் கொடுத்தார் என்று 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிவிட்டது. அந்த நிலையத்தில் மாண்ட குழந்தைகள் 789 பேர்.

மனிதனை உபயோகத்தைக் கொண்டு மேல், கீழ் என்று பிரித்தால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதுவும் ஒரு வருணாசிரமம்தான். ஆகவே சம்பாதிக்கும் ஆட்டிசக்காரன் உயர்ந்தவன், சம்பாதிக்காதவன் தாழ்ந்தவன் என்று ஒரு புது ஜாதியை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. பேசாத பிள்ளைக்கும் மானம் உண்டு. பாதுகாப்பாக வாழ உரிமை உண்டு. கம்ப்யூட்டரில் மனது செல்லாமல் செடி வளர்ப்பதிலோ, தையலிலோ, கணக்கிலோ மனது செல்கிறவனை அங்கே விடுங்கள்.

என்ன செய்யலாம்?

நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சர்க்கார் உத்தியோகங்களில் 4 சதவிகிதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கி, அதில் 1 சதவிகிதத்தை ஆட்டிசம் முதலியவை உள்ள பிரிவினருக்கு வைத்திருக்கிறார்கள். வகுப்புவாரி உரிமைக்குப் போராடிய நமக்கு ஒதுக்கீட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் புஸ்தகத்தில் இருந்தால் போதாது. கேட்டு வாங்க வேண்டும். சர்ட்டிபிகேட் வாங்கினால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது என்று மறைக்கிறார்களே, அந்த வெட்கம் யாருக்கு லாபம்?

பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்லுகிறேன். தங்கள் புரோகிராமில் ஓட்டை கண்டு சொல்பவர்களுக்குப் பரிசுப் பணம் தரும் கம்பெனிகள் பல இருக்கின்றன. வீட்டிலிருந்தே செய்யலாம்; எழுத்தில் அறிக்கை அனுப்பினால் போதும்; யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நிச்சய வருமானமல்ல என்பதும் உண்மை. ஆனால் கைவேலைக்கு அது ஒரு சாட்சி. பழகுவதற்கென்றே நடத்தப்படும் போட்டிகளும் உண்டு. ஆனால் அனுமதி கொடுத்த இடத்தில் மட்டும், கொடுத்த எல்லைக்குள் மட்டும் சோதியுங்கள். அனுமதியின்றி நுழைந்தால் நம் நாட்டுச் சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை. ஓட்டையைக் கண்டால் எழுதித் தெரிவிக்க, 2004 முதல் சர்க்காரின் "செர்ட்-இன்" என்ற ஸ்தாபனமும் இருக்கிறது.

அந்த அம்மாளுக்கு என் பதில் இதுதான். அம்மா! உங்கள் பிள்ளைக்குச் சாபமுமில்லை, வரமுமில்லை. வேலை நிச்சயம் கிடைக்கும் என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஜோசியத்துக்குக் கொடுத்த பணம் போனது போகட்டும். இனி அந்தப் பணத்தில் அவன் படிப்பதற்கு வேண்டியதை வாங்கிக் கொடுங்கள். அவன் யாரையும் ஏமாற்றி உள்ளே போக வேண்டாம். அவன் வேலையைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்கும்போது அவனோடு கூட நின்று கேட்க வேண்டியது எங்கள் கடமை. கதவு குறுகலாயிருந்தால் இடிக்க வேண்டியது கதவைத்தான். உள்ளே வருகிறவன் தோளைச் செதுக்குவது அறிவாளி செய்யும் காரியமல்ல.

தோழர்களே! நான் சொன்னதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். விசாரியுங்கள், சோதியுங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள்.